பேராதனையிலுள்ள மகளுக்கு

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

நீ அழைத்துப் பேசி நாளாகிவிட்டது. படிப்பு அதிகம் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. அது இருக்கட்டும், நான் எழுத நினைத்தது சென்ற விடுமுறையில் நீ கொண்டுவந்த ஆங்கிலச் சொற்பட்டியலைப் பற்றித்தான். விறாந்தையில் இரவிரவாக இருந்து முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் பாடமாக்கினாய். அப்ஸ்டீமியஸ், அக்ரிமனி என்று சின்னவன் கேட்கக் கேட்க நீ பொருள் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் பிள்ளை, உன்னுடைய மருத்துவ நூல்களில் அவை எத்தனை தடவை வரும்?

நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. மிகப் பொதுவான சொற்களை நீக்கிய பின் அவர் தொகுத்த இவையே பல்கலைக்கழக நூல்களில் ஏறக்குறையப் பத்துச் சொற்களுக்கு ஒன்றாக வருகின்றன. அசியூம், டெரைவ், இன்டிகேட் போன்ற இச்சொற்கள் பிடிபடாவிட்டால், உயர்தரத்தில் தமிழில் உயிரியலை அத்தனை தெளிவாக எழுதிய பிள்ளைக்கும் தனக்குப் பாடமே விளங்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். உனக்குப் பாடம் விளங்கும், அதை நான் அறிவேன். முதலில் அந்த 570ஐப் படி.

நோய்ப் பெயர்களுக்கு நீ அஞ்ச வேண்டியதில்லை. ஹெப்பற் ஈரலையும், நெஃப்ர் சிறுநீரகத்தையும், ஐற்றிஸ் அழற்சியையும், எக்டமி வெட்டி அகற்றுவதையும் குறிக்கும் என்று தெரிந்தால் ஹெப்பற்றைற்றிஸ், நெஃப்ரெக்டமி எல்லாம் தாமாகவே பிரிந்து பொருள் தரும். ஏனைய சொற்களைத் தனியே பாடமாக்காமல், அவை சேர்ந்து வரும் சொற்களோடு வாக்கியமாக எழுது. கொன்டக்ட் என்று மட்டும் எழுதாமல் 'கொன்டக்ட் எ ஸ்ரடி', அதாவது ஓர் ஆய்வை நடத்து, என்று எழுது. படித்தது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இலேயே அளந்து காட்டினார். ஆகவே மறுநாள் ஒரு தடவை, அடுத்த கிழமை ஒரு தடவை, பின்னர் மாதம் கழித்து ஒரு தடவை, கொப்பியில் பொருளை மறைத்துக்கொண்டு உன்னையே கேட்டுப் பார். ஒரே இரவில் கண்விழிப்பதால் பயனில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், நீ கேட்பதேயில்லை.

உன் அறைத் தோழியின் தாயாரைச் சந்தையில் கண்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. விரிவுரையில் ஒரு சொல் விளங்காவிட்டால் எழுந்து கேள். எழ முடியாவிட்டால் முடிந்தபின் போய்க் கேள். தமிழ்மூலம் படித்து வந்த பலருக்கும் முதல் வருடம் இப்படித்தான் இருக்கும். வட்டக்கச்சி அக்காவும் அப்படித்தான் தொடங்கினாள், இன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். நீயும் எழுந்து கேட்க வேண்டும், பிள்ளை.

இந்தக் கிழமைக்குள் பத்துச் சொற்களுக்கு வாக்கியங்கள் எழுதிப் படமெடுத்து அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன். ஞாயிறு இரவு அழைத்தாயென்றால் அவற்றைப் பற்றி மட்டுமே பேசுவோம். பெறுபேற்றைப் பற்றி நானும் கேட்கமாட்டேன், அம்மாவும் கேட்கமாட்டா.

அன்புடன்,
அப்பா