‘கேம் மோட்’ போட்டுவிட்டு வாக்களியுங்கள்

ஆசிரியருக்கு,

எல்லாக் காலத்துக்கும் சிறந்த வீடியோ கேம் எது என்று வாக்களிக்கும் விவாதத்தில், ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ (1985) மந்தமாக இருக்கிறது என்று இளைஞர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் டிவியில் இருக்கிறது. சில எல்.இ.டி. டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் 100 மில்லிவிநாடிகூட எடுத்துக்கொள்ளும். அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்ற கணக்கில், பட்டனை அழுத்தி 6 ஃபிரேம் கழித்துத்தான் மாரியோ குதிப்பார். பள்ளத்தில் விழாமல் என்ன செய்வார்? பிக்சர் செட்டிங்கில், அந்த மெருகேற்றலைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போட்டுவிட்டு ஆடிப் பார்க்கட்டும்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் பழைய கேம் கேசட் தேடுவோர் எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 60 படம்) எழுதிய பல கேம்களை, ஐரோப்பிய டிவிகளின் 50 ஹெர்ட்ஸில் அப்படியே ஓடவிட்டார்கள். வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ‘சோனிக்’ முதல் பாகத்தில் (1991) பாட்டுகூட இழுக்கும். வேகத்துக்கென்றே செய்த கேம், பாவம்!

என் வாக்கு, மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸுக்கு. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் கிராஃபிக்ஸே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஆனால் எந்த டெட்ரிஸ் என்று சொல்லாமல் வாக்களிப்பது வீண். நிண்டெண்டோவின் 1989 பதிப்பில் நீளக்கட்டை (நாலு கட்டம் நேராக உள்ளது) வராமலே 20, 30 கட்டைகள் கடந்துவிடலாம். இன்றைய பதிப்புகள் ஏழு வகைக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கித் தருவதால், இடையில் 12 கட்டைக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்குப் பழையதுதான் உசத்தி.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு