மைட்டோகாண்ட்ரியாவின் கொழுப்பு வெறும் சுவரல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பற்றிய சென்ற இதழின் கட்டுரை, அதன் டி.என்.ஏ.வையும் நொதிகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அவற்றைத் தாங்கும் சவ்வின் கொழுப்பை மட்டும் 'சுற்றுச்சுவர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், கர்ப்பிணிகளுக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ளதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையை எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணாடித் தகட்டின் வளையத்துக்குள் சீரம் விட்டு, அதிலுள்ள எதிர்ப்பொருளோடு வினைபுரியும் ஆன்டிஜென் கரைசலை ஒரு சொட்டு சேர்த்து, நிமிடத்துக்கு 180 சுற்று வீதம் 4 நிமிடம் சுழலவிட்டு, நுண்ணோக்கியில் திப்பிதிப்பியாகத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்போம். அந்த ஆன்டிஜெனில் உள்ள கார்டியோலிப்பின், மேரி பாங்போர்ன் 1940களின் தொடக்கத்தில் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு. நம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுவே என்பதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

பாஸ்போலிப்பிடுகள் எனப்படும் சவ்வின் மற்ற கொழுப்புகளுக்குப் பொதுவாக இரண்டு கொழுப்பமில வால்கள், இதற்கு நான்கு. தலை சிறுத்து வால் பருத்த அந்த உருவமே உட்சவ்வு மடிப்பு மடிப்பாக வளைவதற்கு உதவுகிறது. ஆற்றலை உண்டாக்கும் சுவாசச் சங்கிலியின் புரதங்கள் கலைந்துவிடாமல் சேர்ந்து நிற்பதும் இந்தக் கொழுப்பின் பிடியில்தான்.

நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983இல் விவரித்த, அவர் பெயரால் வழங்கும் 'பார்த் நோய்க்குறி' இதற்குச் சான்று. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் டஃபாசின் என்ற நொதிதான் கார்டியோலிப்பினின் வால்களை மாற்றி, இதயத்துக்கு ஏற்ற லினோலெயிக் அமிலத்தைப் பொருத்துகிறது. அது பழுதானால், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத ஆண் குழந்தைக்கும் இதயம் விரிந்து தளர்கிறது, தசை வலுவிழக்கிறது, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்து தொற்று தொடர்கிறது. இதயம் விரிந்ததைக் கண்டு வைரஸின் வேலை என்று நினைத்துவிடுவதும் உண்டு. உலர்ந்த ரத்தப் பொட்டு ஒன்றில் கார்டியோலிப்பினுக்கும், ஒரு வாலை இழந்த அதன் குறை வடிவத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

கார்டியோலிப்பினோடு ஒட்டிக்கொள்ளும் எலாமிப்ரெடைடு மருந்துக்கு, இந்நோய்க்காக 2025 செப்டம்பரில் அமெரிக்கா விரைவு ஒப்புதல் அளித்தது. முழங்காலை நீட்டும் தசையின் வலு கூடியதே அதற்கு ஆதாரம். அதுவும் குறைந்தது 30 கிலோ எடை உள்ளவர்களுக்கு மட்டும். இந்நோய் அதிகமாக உயிரைப் பறிப்பதோ பிறந்த முதல் சில ஆண்டுகளில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்