உர மூட்டையையும் கணக்குல சேருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயில் ஏறிக்கிட்டே போகுதுன்னு போன வாரம் நீங்க போட்ட சிறப்புப் பக்கத்தை முழுசா படிச்சேன். கார் புகை, ஃபேக்டரி, காடு எரியிறது எல்லாம் இருந்துச்சு, ஆனா உரம் போட்ட மண்ணுல இருந்து கிளம்பி பூமியைச் சூடாக்குற நைட்ரஸ் ஆக்சைடுங்கிற கேஸ் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதான் எழுதுறேன்.

எங்க நிபோங் திபால் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல உரம் போடுறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும். மூட்டைக் கணக்குல கூலி, சீக்கிரம் முடிக்கணும், அதனால மரத்தைச் சுத்தி பரவலா தூவாம ஒரே இடத்துல கொட்டிட்டுப் போயிடுறாங்க, மழை ஓஞ்ச பிறகு போய்ப் பாத்தா தண்ணி தேங்கி நிக்கிற இடத்துல வெள்ளை யூரியா பாதி கரைஞ்சு கட்டி கட்டியா கிடக்கும். வேலை செய்றவங்களைக் குறை சொல்லல, அந்த வெயில்ல மூட்டை சுமந்து நடக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல.

யூரியாவுல இருக்குற நைட்ரஜன்ல மரம் எடுத்தது போக மிச்சத்தை மண்ணுல இருக்குற பாக்டீரியா நைட்ரேட்டா மாத்துது, ஈரம் ஜாஸ்தியாகி மண்ணுக்குள்ள காத்து போக வழியில்லாதப்போ வேற பாக்டீரியா அந்த நைட்ரேட்டை உடைக்குது, ரெண்டுலயும் இந்த நைட்ரஸ் ஆக்சைடு வெளிய வருது. சூடும் ஈரமும் சேர்ந்த நம்ம மண்ணு இதுக்கு ரொம்ப வாகு. காட்டு மண்ணுலயும் இயற்கையா வரத்தான் செய்யுது, ஆனா காத்துல இது கூடிக்கிட்டே போறதுக்கு முக்கிய காரணம் விவசாயம்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 50 கிலோ யூரியா மூட்டையில 23 கிலோ நைட்ரஜன். மழை அதிகமான இடங்கள்ல ரசாயன உர நைட்ரஜன்ல 1.6 விழுக்காடு இப்படிப் போகும்னு ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2019ல சொல்லியிருக்கு. அந்த நைட்ரஜன் ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஸ் ஆக்சைடா ஆகும்போது எடை சுமார் 1.57 மடங்கா கூடும். 100 வருஷக் கணக்குல இந்த கேஸ் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேத்தும். அப்படின்னா ஒரு மூட்டைக்கே சுமார் 158 கிலோ கரியமில வாயு விட்டதுக்குச் சமம்! யூரியா தயாரிக்கும்போது வர்ற புகை இதுல சேரல. ஓசோன் படலத்தையும் இதே கேஸ் அரிக்குது.

மழை இல்லாம மண்ணு மேலயே கிடந்தா யூரியாவுல ஒரு பகுதி அமோனியாவா பறந்துடும், அந்த பயத்துலதான் மழைக்கு முன்னாடி போடுறாங்க. மண்ணு ஈரமா இருக்கணும், தண்ணி தேங்கக்கூடாது, மொத்தமா கொட்டாம பிரிச்சுப் பிரிச்சு போடணும், இதெல்லாம் பெரிய எஸ்டேட்டுக்குத் தெரியும். அவங்க, மேல புதுசா முழுசா விரிஞ்ச மட்டையில இருந்து எண்ணி 17வது மட்டை ஓலையை லேப்புக்கு அனுப்பி, எவ்வளவு தேவைன்னு பாத்துட்டுத்தான் உரம் வாங்குறாங்க. நாலஞ்சு ஏக்கர் வச்சிருக்குற நம்ம ஆளுங்க கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கிட்டு வந்து போடுறாங்க, காசும் சேர்ந்துதான் காத்துல போகுது.

அதனால உங்க விவசாயப் பக்கத்துல, ஓலையை எப்படி வெட்டி எடுக்குறது, எங்க கொண்டு குடுக்குறது, எவ்வளவு செலவாகும், வர்ற ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு தமிழ்ல ஒரு கட்டுரை போடுங்க. செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்னாடியே வந்துட்டா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி, நிபோங் திபால், பினாங்கு