எட்டுச் சங்கிலி தூரம்

போர்ட்லாண்ட், ஆரிகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? அனுப்பிய முந்திரி வந்து சேர்ந்தது. போனில் ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது, அதனால் இதை எழுதியே அனுப்புகிறேன். உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடத்தில் வீடு, அலுவலகம், கடை ஆகிய மூன்றுக்கும் நடுவே உள்ள சாலையைத் தவிர எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. ஊருக்குள் இருந்தேனே தவிர, மண்ணில் கால் பதியவில்லை. அக்டோபரில் கவினின் பள்ளித் தோழியுடைய அம்மா எங்களை ஃபாரஸ்ட் பார்க் அழைத்துப்போனார். நகரத்துக்குள்ளேயே 5,000 ஏக்கருக்கு மேல் விரிந்த காடு அது. அங்கேதான் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு எங்களுக்கு அறிமுகமானது.

யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் இணையத்தில் சொல்வார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால், ஈடாக வேறொன்றைப் போட வேண்டும். தின்பண்டம் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து வந்துவிடும். குழி தோண்டிப் புதைக்கவும் கூடாது. கவினிடம், "இது பெரியவர்களின் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்" என்றேன். உடனே புரிந்துகொண்டான்.

அன்று எங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. வானை மறைத்து நிற்கும் ஊசியிலை மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் முள் நிலைகொள்ளாது. பத்தடி இந்தப் பக்கம் காட்டும், அங்கே போனால் இருபதடி அந்தப் பக்கம் காட்டும். மழைத் தூறலில் முக்கால் மணி நேரம் சுற்றினோம். அப்போது உங்கள் நினைவு வந்தது. அளவுக்கல் காணாமல் போன வயல்களில், "கல்லைத் தேடாதே, கல்லை நட்டவன் எங்கே நின்றிருப்பான் என்று பார்" என்பீர்களே! போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். பாசி மூடிய ஓர் அடிமரத்தின் பொந்து வாயில் மரப்பட்டைத் துண்டுகள் நான்கு, ஒரே நீளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தானாக விழும் பட்டை அப்படி அடுக்கிக்கொள்ளாது. அதை விலக்கியதும் பச்சை மூடி தெரிந்தது. கவின் போட்ட கூச்சலில் பறவைகள் பறந்தன. நோட்டில் எல்லோரும் பென்சிலால்தான் எழுதியிருந்தார்கள், ஈரத்தில் மை கலைந்துவிடும் என்பதற்காக. அவன் ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்துக்கொண்டு, அம்மா பல்லாங்குழிக்காகக் கொடுத்தனுப்பிய சோழிகளில் ஒன்றை வைத்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. எந்த ஓடை எங்கே திரும்புகிறது, எந்தப் பாலத்தின் கீழே வெயில் விழுகிறது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அதை நீக்கச் செய்தார். மே 3 அன்றே டேவ் அல்மர் என்பவர் போர்ட்லாண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இடத்தை அறிவித்தார். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன.

உங்களுக்குப் பிடித்தமான ஒரு கணக்கும் இதில் உண்டு. ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். அது ஏன் இப்படி ஒட்டாத எண்ணாக இருக்கிறது என்று அடியாக்கிப் பார்த்தேன்: 528 அடி. உங்கள் 66 அடி நில அளவைச் சங்கிலியில் சரியாக எட்டு! ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு.

இனி நான் சொன்ன வேலை. நம் ஊரில் ஒரு டப்பா வைக்க ஆசைப்படுகிறேன், குண்டு உப்பலவாடியில் பெரியப்பா நிலத்துப் புளியமரத்தடியில். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் தங்களுக்கே என்று எழுதிக்கொண்டதை நீங்கள்தான் ஸ்கூட்டரில் போகும்போது எனக்குச் சொன்னீர்கள். ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்ட அந்தக் குண்டின் கதையை, தேடி வருகிறவர்களுக்காக நான் எழுதுவேன். ஆனால் டப்பாவை வெளியிடும் முன் ஒரு தன்னார்வலர் சரிபார்ப்பார். வைத்தவர் வெளிநாட்டில் இருந்தால், அருகில் பராமரிக்க ஆள் உண்டா என்று கேட்பார். உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா?

முதலில் பெரியப்பாவின் சம்மதம் வேண்டும். பிறகு மரத்தடியில் மூன்று வெவ்வேறு நாட்களில் போனில் அளவெடுத்துச் சராசரி அனுப்புங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பாகை, நிமிடமாக, நிமிடத்தில் மூன்று தசமம் வரை வேண்டும். அட்சரேகையின் கடைசித் தசமம் ஒன்று மாறினால், இடம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.85 மீட்டர் நகர்ந்துவிடும். புயல் மழையைத் தாங்க, ரப்பர் வளையம் வைத்துக் கவ்வும் பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. நோட்டும் பென்சிலும் நீங்களே வாங்குங்கள். முதல் பக்கத்தை மட்டும் கவினுக்காக விட்டுவையுங்கள், பொங்கலுக்கு வருகிறோம்.

அம்மாவிடம் இன்னும் நான்கு சோழி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
செல்வி