அந்தக் கெடு முடிந்த பிறகும் என் அண்ணன் அங்கேதான் இருந்தார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், “1989 ஜூலை 29இல் இந்தியப் படை இலங்கையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது” என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. இதழை மூடி வைத்துவிட்டேன்.

என் அண்ணன் முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடியில் இறந்தது 1989 ஆகஸ்ட் மூன்றாம் வாரம். உங்கள் கட்டுரைப்படி அப்போது அங்கே இந்தியச் சிப்பாய் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது.

ஜூலை 29 என்பது இலங்கை அதிபர் பிரேமதாசா வைத்த கெடு. உங்களுக்குத் தெரியாததில்லை. ராஜீவ் காந்தியும் அவருக்கு முந்தைய அதிபர் ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இரண்டு வருடம் நிறையும் நாளைப் பார்த்து, அதற்குள் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் 1 அன்று அவர் அறிவித்தார். கெடு வந்தது. அன்றைக்குப் பெயருக்கு ஒரு சிறு பிரிவு மட்டும் கப்பலேறியது. கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24. நடுவே கிட்டத்தட்ட எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை ஒரே வரியில் துடைத்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஜூலைக் கடைசியில் அண்ணன் எழுதிய இன்லாண்ட் லெட்டர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. “இங்கே எல்லோருக்கும் ஊருக்குப் போகிற பேச்சுதான். ஆனால் எங்கள் முறை எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்” என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்த நாலாம் நாள் தந்தி வந்தது.

போகத்தான் வேண்டும் என்பது முடிவான பிறகு ஒரு சிப்பாயை எதற்காக ரோந்துக்கு அனுப்புகிறார்கள்? இத்தனை வருடமாக இதை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். துரத்தப்பட்டுத் திரும்பியதாகத் தெரியக்கூடாது என்பது டெல்லியின் கவலை. தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜீவ் காந்தியும் பிரேமதாசாவும் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தமிழர்களுக்கு அதிகாரப் பகிர்வும் பாதுகாப்பும் உறுதியாகாமல் எப்படி வருவது என்று ராஜீவ் காந்தி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கே இருந்தது? அதே ஆகஸ்ட் 2ஆம் தேதி வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் ஆறு இந்திய ஜவான்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நம் படையின் கையால் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். என் அண்ணன் போட்டிருந்த அதே சீருடைதான். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதற்கு முன் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை சுட்டு நோயாளிகளும் மருத்துவர்களும் இறந்தது தனிக்கதை.

தெற்கே சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி. வெளியேறு என்றது, வடக்கே புலிகள் வெளியேறு என்றார்கள், தமிழ்நாட்டிலும் அதே குரல்தான். யாருக்குமே வேண்டாத ஒரு படையை அங்கேயே வைத்திருந்தார்கள். டிசம்பர் 31க்குள் வெளியேறுவது என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டதே செப்டம்பரில்தான். அதுவும் தள்ளிப்போய், ஆட்சி மாறி, வி.பி. சிங் காலத்தில்தான் முடிந்தது. இதற்கிடையில் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்று உள்ளூர்ப் பையன்களைப் பிடித்து வந்து துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நம் படை விலக விலக, அந்தப் பையன்கள் புலிகளிடம் சிக்கி மடிந்தார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போரை முடிப்பதை இழுத்தடிப்பது எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது. வியட்நாம் போரை முடிக்கப் பாரிஸில் கூடியவர்கள், உட்காரும் மேசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று 1968 கடைசியில் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். அமெரிக்கப் படை வெளியேற 1973 ஆனது.

அப்புறம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு வர வேண்டிய தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்தான் கூடப் போவேன். “அது போரே இல்லையேம்மா, அமைதிப்படைதானே?” என்று அங்கிருந்தவர் கேட்டார். கைக்குழந்தையோடு நின்றிருந்த அண்ணி பதில் பேசவில்லை. 1,100க்கும் மேற்பட்ட ஜவான்கள் அங்கே இறந்தார்கள். போர் இல்லையென்றால் அத்தனை பேர் எதில் இறந்தார்கள்? இதை விவரமாக எழுதிச் சில வருடங்களுக்கு முன்பே உங்களுக்கு அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் 1987இல் கொழும்பு அணிவகுப்பில் ராஜீவ் காந்தியை ஓர் இலங்கைக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் அடித்த கதைக்கு மட்டும் உங்கள் இதழில் இடம் கிடைத்துவிடுகிறது.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டால்கூடப் போதும்: “அமைதிப்படை முழுவதுமாகத் திரும்பியது 1990 மார்ச் 24இல்.” அண்ணனின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதமும் தந்தியும் இருக்கின்றன. உங்கள் திருத்தத்தைக் கத்தரித்து அவற்றோடு வைக்க வேண்டும் என்று அண்ணி சொல்கிறார். தயவுசெய்து தேதியைச் சரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் தங்கை