அந்தக் குழந்தைகள் மருத்துவமனையை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் இல்லினாய் மாநில முன்னாள் ஆளுநர் ராட் பிளகோயவிச் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்ன விஷயம். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ஆளுநர் மாளிகையில் இருப்பவர் மாதிரி டெல்லி அனுப்பி வைத்த ஆள் இல்லை, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். அதைச் சொல்லாமல் விட்டதால் படித்தவர்களில் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள்.

கட்டுரை முழுக்க, ஒபாமா ஜனாதிபதியானதால் காலியான செனட் இடத்தை (செனட் என்றால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை; அந்தக் காலி இடத்துக்கு ஆள் போடுவது ஆளுநர் கையில் இருந்தது) இவர் விலை பேசியதுதான் இருக்கிறது. தங்கம் மாதிரி ஒன்று கையில் கிடைத்திருக்கிறது, சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டேன் என்று கெட்ட வார்த்தையோடு போனில் பேசி மாட்டிக்கொண்டது சுவையான கதைதான், மறுக்கவில்லை. 2008 டிசம்பர் 9 அன்று விடிகாலை ஆறு மணி வாக்கில் எஃப்.பி.ஐ. அவர் வீட்டுக்குப் போனபோது நான் சிகாகோ பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அன்று முழுக்க டிவியில் இதுதான். கைது செய்ய வந்திருக்கிறோம் என்று போனில் சொன்னபோது இது என்ன விளையாட்டா என்று கேட்டாராம் மனுஷன். மறுநாள் அவருக்கு 52வது பிறந்தநாள்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. இந்த ஆள் ஒன்றும் பரம்பரைப் பணக்காரர் இல்லை. அப்பா செர்பியாவிலிருந்து வந்து இரும்பாலையில் வேலை பார்த்தவர். மகன் ஷூ பாலிஷ் போட்டு, பீட்சா கொண்டுபோய்க் கொடுத்து, குத்துச்சண்டை போட்டு, சட்டம் படித்து மேலே வந்தார். சிகாகோ நகர்மன்றத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்த ரிச்சர்ட் மெல்லின் மகளைக் கட்டிக்கொண்ட பிறகு கதவுகள் தானாகத் திறந்தன (அந்த மாமனாரோடு பின்னால் பகிரங்கமாகச் சண்டை போட்டது தனிக்கதை). 2002 தேர்தலில் அவர் ஜெயித்ததே, முந்தைய ஆளுநர் ஜார்ஜ் ரயான் காலத்து ஊழலைத் துடைத்தெறிவேன் என்று சொல்லித்தான். லஞ்சம் வாங்கி லாரி டிரைவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து, அப்படி லைசென்ஸ் வாங்கிய ஒருவரின் லாரியால் 1994இல் ஒரே குடும்பத்தில் ஆறு குழந்தைகள் சாகும் அளவுக்கு ஊழல் நடந்த மாநிலம் அது. ஜனங்கள் எவ்வளவு வெறுத்துப்போய் இவருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பதவிக்கு வந்து நல்லது செய்யவில்லையா என்றால், செய்தார். 2005இல் 'ஆல் கிட்ஸ்' என்ற சட்டம் கொண்டுவந்து, இல்லினாயில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், குடியேற்றக் காகிதம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, மருத்துவக் காப்பீடு கிடைக்க வழி செய்தார். முதியவர்களுக்கு பஸ், ரயிலில் இலவசப் பயணம் கொடுத்தார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இது தெரிந்தால்தான் அடுத்து நடந்தது எவ்வளவு அசிங்கம் என்று புரியும்.

சிகாகோவில் அப்போது சில்ட்ரன்ஸ் மெமோரியல் என்று ஒரு குழந்தைகள் மருத்துவமனை. ஏழைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நிபுணர்களுக்கு அரசு தரும் கட்டணத்தை உயர்த்தித் தருகிறேன் என்று 2008இல் ஆளுநர் வாக்குக் கொடுத்தார். சுமார் 80 லட்சம் டாலர் சமாச்சாரம். அப்புறம் அந்த மருத்துவமனைத் தலைவரிடமிருந்து தன் தேர்தல் நிதிக்கு 50,000 டாலர் வரவேண்டும் என்று கணக்குப் போட்டார், அது வராததால் உயர்வை நிறுத்திவைக்கச் சொன்னார் என்பது வழக்கு. குழந்தைகளுக்காகச் சட்டம் போட்ட அதே ஆள்! இந்தப் பக்கம், ஆறு வருடத்தில் அவரும் மனைவியும் துணிமணிக்கு மட்டும் 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தார்கள் என்று கோர்ட்டில் கணக்கு வந்தது. 50,000 டாலர் இல்லாமல் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

'வாய்விட்டுப் பேசினாரே தவிர காசு கைமாறவில்லையே, அரசியல்வாதிகள் எல்லாரும் பேசுவதுதானே' என்ற அவர் ஆதரவாளர்களின் வாதத்தை உங்கள் கட்டுரையாளரும் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி எழுதியிருக்கிறார். கேட்டதே குற்றம்தான்; வாங்கினால்தான் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. அதைவிட முக்கியம், அரசியல் பேரம் எது, லஞ்சம் எது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே 2015இல் பிரித்துப் பார்த்துவிட்டது. செனட் இடத்துக்குப் பதிலாக ஒபாமா அரசில் மந்திரி பதவி கேட்டது வெறும் அரசியல் கொடுக்கல் வாங்கலாக இருக்கலாம் என்று ஐந்து குற்றச்சாட்டுகளை ரத்து செய்தார்கள். மருத்துவமனை விவகாரமும், குதிரைப் பந்தய மைதானங்களுக்கு ஆதாயம் தரும் மசோதாவில் கையெழுத்துப் போட நன்கொடை கேட்ட விவகாரமும் அப்படியே நின்றன. 2016இல் நீதிபதி ஜேம்ஸ் ஜேகல் மறுபடி தண்டனை அறிவித்தபோது, 2011இல் கொடுத்த அதே 14 வருடம், ஒரு நாள்கூடக் குறையவில்லை. அப்படியானால் அவரைச் செனட் இடம் மட்டுமா கவிழ்த்தது?

இன்னொன்று. 2009 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் சொந்த மேலவை (அதற்கும் செனட் என்றுதான் பெயர்) 59க்கு 0 என்று இவரைப் பதவியிலிருந்து தூக்கியது. சொந்தக் கட்சிக்காரர் ஒருவர்கூட பக்கத்தில் நிற்கவில்லை. இனி மாநிலத்தில் எந்தப் பதவிக்கும் வரக்கூடாது என்றும் தனியாக ஓட்டெடுத்தார்கள். டிரம்ப் 2025 பிப்ரவரியில் கொடுத்த முழு மன்னிப்பு இதைத் தொடாது, ஏனென்றால் அது மாநில அவையின் தீர்ப்பு. 'எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது' என்று உங்கள் தலைப்பில் போட்டது தப்பு.

கடைசியாக, அவர் 14 வருடமும் சிறையில் இருந்ததாக அச்சாகியிருக்கிறது. 2012 மார்ச்சில் கொலராடோ சிறைக்குப் போனவர், டிரம்ப் தண்டனையைக் குறைத்ததால் 2020 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டார், எட்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. அடுத்த ஞாயிறு திருத்தம் போட இடம் இருந்தால் அந்த மருத்துவமனை விஷயத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்