வந்த கரண்ட் திரும்பிப் போகுமா?

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நானே கூப்பிட்டால் வேறு எதையாவது உளறிவிடுவேன், அதனால்தான் கடுதாசி.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். அந்த வாடகை வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடுகிற சுவிட்ச், இருக்கிறதா? மெயின் போர்டில் பார். டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை. 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று மாப்பிள்ளை சொல்லலாம். அது லோடு கூடினால் விழுகிற சுவிட்ச். வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டேன் என்றால் நான் பணம் அனுப்புகிறேன்.

ஸ்கூலுக்கு அனுப்பாமல் நீங்கள் வீட்டிலேயே படிக்க வைக்கிற கதிர் பேசி அனுப்பிய வீடியோவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். “தாத்தா, கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கல?” நான் எழுதிய பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். “இதெல்லாம் ஸ்கூலில் சொல்லித் தருவார்கள்.” குத்தலாக எழுதவில்லை. குத்தலாகத்தான் எழுதினீர்கள் என்கிறாள் அம்மா.

சரி, பதிலைச் சொல்லிவிடுகிறேன். காக்காவின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் கரண்ட் காக்கா வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை, கம்பி வழியாகவே போய்விடும். இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டால் கதை வேறு. 11,000 வோல்ட் லைனில் வௌவாலும் மயிலும் சிக்கிக் கருகிக் கிடந்ததை எத்தனை அதிகாலையில் இறக்கியிருக்கிறேன்! மயிலுக்கு இறக்கை நீளம், பாவம். ஆனால் கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் தரையில் நிற்கிறோம், காக்கா நிற்கவில்லை. இதை இரண்டு தடவை சொல். செருப்புப் போட்டிருந்தால் பயமில்லை என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் சொல்.

உன் முறைப்படி நானும் ஒன்று செய்து பார்த்தேன், சிரிக்காதே. நான்கு எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றிலும் துத்தநாகம் பூசிய ஒரு ஜி.ஐ. ஆணி, ஒரு துண்டு செம்புக் கம்பி. ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு முறுக்கினேன். ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்கூட முழுதாக வராது, அதனால்தான் நான்கு. கடைசிச் செம்பில் சிவப்பு எல்.இ.டி.யின் நீளக் கால், மறுகோடி ஆணியில் குட்டைக் கால். பகலில் ஒன்றும் தெரியவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்தினால் மினுக்கென்று ஒரு பொட்டு! எலுமிச்சை விற்கிற விலையில் இது தேவையா என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தவள், பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். கதிரை எல்லாப் பழத்திலும் ஆணிக்குப் பதிலாக இன்னொரு செம்புக் கம்பி குத்திப் பார்க்கச் சொல். எரியாது. ஏன் என்று அவனே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். ஆணியில் பூசிய துத்தநாகம்தான் கரைந்து கரண்ட் தருகிறது. ஆகவே அந்தப் பழத்தில் ஜூஸ் போடக் கூடாது, மறந்துவிடாதே.

கதிர் செய்வதெல்லாம் பேட்டரி செல்லோடுதான். 1.5 வோல்ட், மிஞ்சினால் 9 வோல்ட். டார்ச்சைக் கழற்றட்டும், சாவி, பென்சில் ஈயம், உப்புத் தண்ணீர் எதில் போகிறது, எதில் போகவில்லை என்று பார்க்கட்டும். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட் பக்கம் கூடாது. மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பியும் கூடாது, இன்வெர்ட்டர் இருந்தால் சுவரில் உயிர் இருக்கும். சின்னவள் எடுத்து வாயில் போடுகிற இடத்தில் பட்டன் செல் வைக்காதே. விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும். சுவர்ப் பக்கம் மட்டும் கூடாது.

14 வயதில் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாமாமே. பக்கத்துத் தெரு சார் சொன்னார். நான் எதற்காகவும் விசாரிக்கவில்லை, பேச்சு வந்தது. நூலகத்தில் ஃபாரடே என்ற விஞ்ஞானி பற்றியும் படித்தேன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். பைண்டிங் கடையில் வேலை. தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரப் பகுதியைப் படித்தே ஆர்வம் பிடித்திருக்கிறது. கம்பிச் சுருளுக்குள் காந்தம் அசைந்தால் கரண்ட் வரும் என்று அவர் 1831-இல் கண்டுபிடித்ததை வைத்துத்தான் பாபநாசம் பவர்ஹவுஸ் ஓடுகிறது. பைண்டிங் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் ஃபாரடே ஆகிவிடவில்லை என்பதையும் மாப்பிள்ளை யோசித்திருப்பார்.

பவர்ஹவுஸ் என்றதும் ஒன்றை எழுதியாக வேண்டும். இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். உன்னை ஒரு நாள்கூட அங்கே அழைத்துப் போகவில்லை. உனக்கு ஒன்பது வயது. பெரியப்பா வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். “ஒரு வயரில் வந்த கரண்ட் இன்னொரு வயரில் திரும்பிப் போகுதுன்னா, நாம எதுக்குப்பா பில் கட்டணும்?” என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் கை ஓங்கிவிட்டேன். பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே என்றேன். அடக்கத்துக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பத்தில் ஏறுவேன், ஃபியூஸ் போடுவேன், எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று தெரியும். அது தெரியாது. யூனிஃபார்மோடு நின்றுகொண்டு அண்ணன் முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நீ என்னிடம் கரண்டைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை. பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

என் பழைய சைக்கிள் டைனமோவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பல்பும் வைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மாட்டு. பல்பைக் கழற்றிவிட்டுக் கையால் பெடலைச் சுற்றினால் லேசாகச் சுற்றும். பல்பை மாட்டிச் சுற்றினால் கொஞ்சம் கனக்கும். கரண்ட் திரும்பித்தான் போகிறது, நீ சொன்னது சரி. சைக்கிள் செயின் மாதிரி, சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. ஆனால் யாரோ மிதிக்க வேண்டும். அந்தக் கனத்துக்குத்தான் பில்.

கதிரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதே. முதலில் நீ சுற்றிப் பார்.

அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு போன் போடு. விழுந்ததா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.

அப்பா